உள்ளூர் ஓட்டத்துக்கு ஒரு சைக்கிள்

தமிழ்நாட்டில் வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போய்வர மக்கள் வாங்கிய சாதாரண சைக்கிள், பெயர் எதுவானாலும், ஏறக்குறைய ஒரே வண்டிதான். கறுப்புப் பெயின்ட், 28 அங்குலச் சக்கரம், குறுக்கே ஒரு பார், கம்பியால் இயங்கும் ராடு பிரேக், பின்னால் கேரியர், தூக்கி நிறுத்த ஸ்டாண்டு. 1910ல் கப்பலில் வந்திறங்கிய ஒன்றையும் 1990ல் கடையில் வாங்கிய ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். மோட்டார் கார், ரேடியோ, தையல் மிஷின் எல்லாம் உருமாறிய அந்த எண்பது ஆண்டில் இது மட்டும் மாறாமல் நின்றதற்குக் காரணத்தைக் கம்பெனிகளிடம் தேடுவதைவிட, வாங்கியவர்களின் கணக்கில் தேடுவது நல்லது.

இந்த வடிவம் பிறந்தது இங்கிலாந்தில். 1885ல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியில் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பெடலின் சுழற்சியைச் செயின் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது. அதற்கு முன் ஓடிய வண்டிக்கு முன்சக்கரம் ஆள் உயரம் இருந்தது. கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். 1888ல் பெல்ஃபாஸ்டில் தொழில் செய்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை எடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்ததும் சைக்கிள் சாகசக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் முடிந்தது. அடுத்த இருபது ஆண்டில் நாட்டிங்ஹாமில் ராலி, பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. போன்ற ஆலைகள் 'ரோட்ஸ்டர்' என்ற கனத்த சாலை வண்டியைப் பழுதில்லாமல் செய்யக் கற்றுக்கொண்டன. அதைத்தான் பிரிட்டிஷ் காலனிகள் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள்.

சென்னை மாகாணத்தில் முதலில் ஏறியவர்கள் வெள்ளை அதிகாரிகளும் மிஷனரிகளும்; பின்னர் வக்கீல், டாக்டர், தபால்காரர், போலீஸ்காரர். விலை சாமானியருக்கு எட்டவில்லை. 1910ல் எட்மண்ட் கிரேன் பர்மிங்ஹாமில் தொடங்கிய ஹெர்குலஸ் கம்பெனி, பேரளவில் செய்து மலிவாக விற்பதையே தொழில் கொள்கையாக வைத்துக்கொண்டது. 1930களில் அதைவிட மலிவான ஜப்பான் வண்டிகளும் இந்தியச் சந்தைக்கு வந்தன. குமாஸ்தாவும் பள்ளி வாத்தியாரும் சைக்கிள் வாங்கத் தொடங்கியது இந்த விலைச்சரிவுக்குப் பிறகுதான். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் சைக்கிளும் இடம்பிடித்ததும் அதைத் தொடர்ந்து வந்த வழக்கம்.

வாங்க முடிந்தவர் எல்லோரும் ஏறி ஓட்டிவிட முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல கிராமங்களில் ஊர்த்தெரு வழியாகத் தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. தெரு முனையில் இறங்கி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். காலில் செருப்பு, தோளில் துண்டு ஆகியவற்றுக்கு இருந்த தடைகளின் பட்டியலில் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்தக் கட்டுப்பாடு சில இடங்களில் தொடர்ந்தது. இந்த வண்டியின் வரலாற்றை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமாக எழுதுபவர்கள் வசதியாக விட்டுவிடும் பக்கம் இது.

சுதந்திரத்தை ஒட்டி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் இங்கேயே ஆலை போட முன்வந்தன. பர்மிங்ஹாம் ஹெர்குலஸை 1946ல் விலைக்கு வாங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் ஆலை. 1951ல் அங்கிருந்து முதல் ஹெர்குலஸ் வெளியே வந்தது, பின்னர் பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் பெயர்களும் வந்து சேர்ந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது 1960களில். அதற்கு முன்பே சைக்கிள் அங்கே வந்துவிட்டது. பக்கத்து ஆவடியில் 1955ல் குழாய் ஆலை, அம்பத்தூரிலேயே 1960ல் செயின் ஆலை என்று ஒரு சைக்கிளுக்கு வேண்டிய உறுப்புகள் ஒவ்வொன்றாக உள்ளூரிலேயே தயாராயின. பிறந்த ஊரான பர்மிங்ஹாமில் ஹெர்குலஸ் பெயர் மங்கிப்போன பிறகும் அம்பத்தூரில் அது வாழ்ந்தது.

வடக்கே அசன்சோலில் சென்-ராலி, சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் ஏவன் என்று அதே சில ஆண்டுகளுக்குள் ஆலைகள் முளைத்தன. 1956ல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ, 1986ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு லூதியானாவால் கிடைத்த பெரிய லாபம் முழுவண்டியைவிட உதிரிபாகங்கள்தான். அந்த ஊரின் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ரிம், ஹப், ஃப்ரீவீல், பெடல் கட்டை என்று தனித்தனியாகச் செய்து நாடெங்கும் அனுப்பின. எல்லா ஆலையும் பழைய இங்கிலாந்து அளவுகளையே பின்பற்றியதால் ஹீரோவின் ஃப்ரீவீல் ஹெர்குலஸில் ஏறும். அட்லஸின் பெடல் ராலிக்குப் பொருந்தும். கம்பெனி மூடினாலும் வண்டி அநாதை ஆகாது. இருபது ஆண்டு ஓட்டப்போகும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறில்லை.

அந்த வண்டியின் உடம்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரியும். எடை ஏறக்குறைய 20 கிலோ. முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் முழுக்கப் பின்னால் விழும் என்று கணக்குப் போட்டு வைத்த எண்ணிக்கை அது. முன்பக்கப் பல்சக்கரத்தில் பெரும்பாலும் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். இது வேகத்துக்கும் பாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சமரசம். கியர் வைக்காமலேயே சமவெளி ஊர்களின் தேவையை அது தீர்த்துவிட்டது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இந்தக் கணக்கு எடுபடாது. மேட்டில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஃபிரேமின் முன்பகுதி நன்றாகச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். குண்டும் குழியுமான கப்பிச் சாலையில் அதிர்ச்சி கைக்கு வராமல் பாதியிலேயே அடங்க இது உதவியது. சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங். வேட்டியும் பாவாடையும் சிக்காமல் இருக்கச் செயினை முழுக்க மூடும் கவர். ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காமல் உட்புறமாக மேல்நோக்கி அழுத்தும். அதனால் சக்கரம் கொஞ்சம் கோணியிருந்தாலும் கட்டை உரசாது. அறுந்துபோகக் கேபிளும் கிடையாது. ஒரு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். மழையில் மட்டும் இந்த பிரேக்கை நம்பக் கூடாது. நனைந்த குரோம் ரிம்மில் கட்டை வழுக்கும்; பழகியவர்கள் சரிவு வருவதற்கு முன்பே காலை ஊன்றத் தயாராகிவிடுவார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பார்த்ததும் இவைதான். முதலில் உயரம்: 22 அங்குல ஃபிரேமா, 24ஆ. பாருக்கு இருபுறமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். அடுத்து, வண்டி எதைச் சுமக்கப்போகிறது. பால்காரரும் தீவனக்கட்டு ஏற்றுபவரும் இரட்டைப் பார் வைத்து, முன் ஃபோர்க்குக்குத் தாங்குகம்பி போட்ட கனத்த வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். ஆபீஸ் போகிறவருக்கு ஒற்றைப் பார் போதும். அவர் கவலை டைனமோவும் பூட்டும். டைனமோ ஆடம்பரத்துக்கு வாங்கியதல்ல. இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். 'டபுள்ஸ்' போனாலும் பிடிக்கும். அபராதம் கட்டக் காசில்லாதவரின் சக்கரத்திலிருந்து வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவதும் உண்டு. நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் ஆண்டுதோறும் வரி கட்டி, அதற்கான உலோக வில்லையை வண்டியில் மாட்டியிருக்கவும் வேண்டும். வரி வசூல் செய்பவர் சந்தை நாளில் பாலத்தடியில் நிற்பது தெரிந்தால் வில்லை இல்லாத வண்டிகள் வயல் வரப்பில் இறங்கிவிடும்.

சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகைக் கடை இருந்தது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருந்த இந்தக் கடைகளைப் பற்றித் தொழில் வரலாறு எழுதியவர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டக் கற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் அதுதான். ஓலைச் சாய்ப்பின் கீழ் பத்துப் பதினைந்து வண்டி. ஒவ்வொரு மட்கார்டிலும் கடைப்பெயரும் எண்ணும் பெயின்டில். சுவரில் ஒரு கடிகாரம், மேஜையில் ஒரு கோடுபோட்ட நோட்டு. பெயர், அப்பா பெயர், வண்டி எண், எடுத்த நேரம் எழுதினால் வண்டி கைக்கு வரும். அடமானம் எதுவும் கிடையாது, இன்னார் மகன் என்பதுதான் ஜாமீன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பஞ்சர் ஆனால் எடுத்தவர் தலையில். பிள்ளைகளுக்காகக் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று சிறிய அளவுகளும் இருக்கும். அவை கிடைக்காத ஊரில் பையன்கள் பெரிய வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, குரங்கு பெடல் போட்டார்கள். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கி 2024ல் வெளிவந்த படத்துக்கு இந்தப் பெயரையே வைத்தார்கள்.

வாடகைக் கடையேதான் பழுதுபார்க்கும் கடையும். பஞ்சர் ஒட்டும் முறை எல்லா ஊரிலும் ஒன்று: டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கைக்குக் கை மாற்றி அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் தட்டினால் முடிந்தது. காற்று பிடித்துவைக்கும் வால்டியூப் என்பது ஒரு விரற்கடை ரப்பர்க் குழாய். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று அடித்தால் கிராங்கைப் பிடிக்கும் காட்டர்பின் தேய்ந்துவிட்டது என்று பொருள். சத்தம் கேட்டே மெக்கானிக் சொல்லிவிடுவார். சக்கரம் கோணினால் ஸ்போக்ஸை முடுக்கிப் பெண்டு எடுப்பார். ஆண்டுக்கு ஒரு முறை ஓவராயில்: வண்டியை முழுக்கக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் அப்பி மறுபடி பூட்டுவது. ஆயுத பூஜைக்கு முந்திய வாரத்தில் இதற்குக் கூட்டம் அதிகம். அன்று சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் வீட்டில் அதற்கிருந்த இடம் புரியும்.

ஆக, மலிவான சைக்கிள் என்றால் கடையில் சொல்லும் விலை குறைந்த சைக்கிள் என்று யாரும் எண்ணவில்லை. டயர் எத்தனை மழைக்காலம் தாங்கும், உதிரிபாகம் அடுத்த ஊரிலாவது கிடைக்குமா, மூட்டை ஏற்றினால் கேரியர் வளையுமா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் விலை. இடையில் ஓட்டத்துக்கு இலகுவான பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகளும் வந்து கல்லூரி மாணவர்களைக் கவர்ந்தன. கிராமத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்கு அவை இறங்கவில்லை.

பெண்கள் இந்த வண்டியை எடுத்துக்கொண்ட கதை தனி அத்தியாயம். நகரங்களில் பாரை வளைத்துக் கீழிறக்கிய லேடீஸ் சைக்கிள் பள்ளி, கல்லூரி மாணவிகளிடம் முன்பே இருந்தது. கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டுவது கேலிக்குரிய காட்சி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் அதைப் புரட்டிப்போட்டது. எழுத்தறிவு வகுப்புகளுக்குப் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பஸ் நேரத்தை நம்பி அந்த வேலை நடக்காது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் வேலையாகச் சேர்த்தார். தொண்டர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. ஊர்ப் பொட்டல்களில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முகாம்கள் கூடின. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று கற்றவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அது மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 1992ல் மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த இயக்கத்தை நேரில் பார்த்து எழுதியது பின்னர் கிராமப்புற வறுமை பற்றிய அவருடைய புத்தகத்தில் இடம்பெற்றது.

அங்கே நடந்த ஒரு தேர்வு கம்பெனிகளின் கணிப்பைப் பொய்யாக்கியது. கிராக்கியில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். வாங்கிய பிறகு சிலருக்கு அதுவே பிடித்துப்போனது. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். சேலையோடு காலைத் தூக்கிப் போடும் சிரமத்தைவிட அந்த ஒரு சீட்டு கூடுதலாகக் கிடைத்தது அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. காய்கறியையும் பூவையும் தாங்களே பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. வீட்டு ஆண்களின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலையும் தளர்ந்தது.

பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லாத ஒரு காலம் வந்தது. 1990ல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெட்ரோலும் மின்கலங்களும் போகாமல் அரசு தடைசெய்தது. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. விறகு, நெல் மூட்டை, நோயாளி, இடம்பெயர்ந்த குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அங்குள்ளவர்கள் 'கரியல்' என்று சொல்லும் பின்தட்டில் ஏறின. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டவர்களும் ஏராளம்.

தமிழ்நாட்டில் ரோட்ஸ்டரின் இடத்தைப் பிடித்தது வேறொரு சைக்கிள் இல்லை. 1980ல் ஓசூரில் தயாராகி வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டுக்குத் தொடக்கத்தில் பெடலும் இருந்தது. கால் வைக்க இடைவெளி, பின்னால் உறுதியான கேரியர், தெருமுனையிலேயே பழுதுபார்க்கும் வசதி என்று பழைய வண்டியின் குணங்களை எல்லாம் அது எடுத்துக்கொண்டு, மிதிக்கிற வேலையை மட்டும் நீக்கியது. பால்காரரும் காய்கறிக்காரரும் அதற்கு மாறினார்கள். 1992ல் வந்த 'அண்ணாமலை' படத்தில் பால்கார ரஜினிகாந்த் ஏறிய சைக்கிள், 1996 தேர்தலில் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸுக்குச் சின்னமாகக் கிடைத்தபோது சுவரெங்கும் ஒட்டப்பட்டது. சுவரில் அது ஏறிய அதே ஆண்டுகளில் சாலையில் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாகப் பஞ்சர் கடைகளாகச் சுருங்கின.

குறையாமல் நின்ற இடம் பள்ளிக்கூடம். அதற்குக் காரணம் அரசு. 2001–02ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005–06ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. பீகார் 2006ல் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணமாகக் கொடுத்தது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கணித்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நடக்க எட்டாத, பஸ்ஸும் சரியாக வராத அந்தத் தூரம்தான் சைக்கிளுக்கென்றே அமைந்த தூரம்.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றில் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. இருசக்கர மோட்டார் வண்டி 21 வீடுகளில். அதன்பின் கடைகளில் முன்வரிசைக்கு வந்தவை தடித்த டயரும் ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் போட்ட வண்டிகள். பார்க்க நன்றாக இருக்கும் இவற்றில் பலவற்றுக்கு மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் தனிக்காசு. சமவெளி ஊரில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏழு கியரும் அவசியப்படுவதில்லை. பழுதானால் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் கைவிரித்துவிடுவார். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் கம்பெனி தன் கடைசி ஆலையை நிறுத்தியது. அட்லஸ் வைத்திருப்பவர்களுக்கு அதனால் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. லூதியானா உதிரிபாகம் இன்றும் அதில் பொருந்துகிறது. கனத்த வண்டி தேடுபவர் பழைய சைக்கிள் கடையில் ஃபிரேம் கோணலில்லாததாகப் பார்த்து வாங்கி, டயர், செயின், பிரேக் கட்டை மூன்றையும் புதிதாக மாற்றி ஓட்டுகிறார். மற்றவர்களுக்கு, பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் விட்டுப்போன அரசு சைக்கிள் இருக்கிறது. காலையில் பால் வாங்கவும் ரேஷன் கடைக்கும் அதை எடுத்துப் போகும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு.